ஜர்மிலாவின் நெஞ்சுப்பட்டை

லுஷ்கோவ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாரத்தில் ஐந்து நாள் முன்னூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற ஜர்மிலாவையும், சனி ஞாயிறுகளில் விமானத்தில் ஏறி நடுவானத்திலிருந்து குதிக்கிற ஜர்மிலாவையும் வேறு வேறு ஆள் என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரே ஆள்தான். அதே குட்டை உருவம், அதே சிவந்த கன்னம், முக்கியமாக அதே வாய். சூப்பில் உப்புக் கூடினால் உதவிக்காரியை எப்படிக் கிழிப்பாளோ, அப்படியேதான் பாராசூட் பட்டையை முறுக்கிப் போட்டுக்கொண்டு வருகிறவனையும் கிழிப்பாள். அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு முழங்கால்தான் தேய்ந்திருந்தது, நாக்கு அப்படியே இருந்தது.

முதல் தடவை குதித்தது பதினெட்டு வயதில். பட்டாளத்தில் கழித்துப்போட்ட பச்சை வட்டப் பாராசூட். அதை நினைத்த பக்கம் திருப்ப முடியாது, காற்று கொண்டுபோய்ப் போடுகிற இடத்தில் விழவேண்டியதுதான். காற்று அவளைக் கூட்டுப்பண்ணையின் கசகசா வயலில், அதுவும் பூத்து நின்ற நேரத்தில், நட்டநடுவே போட்டது. பண்ணை மேற்பார்வையாளர் மண்வெட்டியோடு துரத்த, முழுத் துணியையும் மார்போடு அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். விமானம் ஏறி இறங்குகிற திடலில் வழக்கப்படி புதியவளைக் குனியவைத்து ஆளுக்கு ஓர் அடி பின்பக்கத்தில் வைத்தார்கள். "மேல ஒண்ணும் வலிக்கல, கீழ வந்தப்புறம்தான் வலிச்சுது" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அன்று அவள் ஏறிய அதே இரட்டைச் சிறகு விமானம், எஞ்சின் மாற்றி மாற்றி இப்போதும் பறக்கிறது. அதற்கு ஆஞ்சா என்று பெயர். ஆஞ்சாவும் ஜர்மிலாவும் ஒரே மாதிரி இருமுவார்கள் என்பது விமானி போஹூஷின் கேலி. அவள் காதுபட அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் போதாது.

கணவன் லாதியாவுக்குத் தேனீ வளர்ப்பு. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் திடலுக்கு வந்து அண்ணாந்து பார்த்ததில்லை. "சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்தாள்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு எதுக்குக் கழுத்த வலிச்சுக்கணும்?" என்பான்.

ஒரு காலத்தில் அவளும் அடாவடியாகத்தான் குதித்துக்கொண்டிருந்தாள். விலெம் போனதிலிருந்து அது நின்றது. விலெம் அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரன். ஒருநாள் தன் பாராசூட் நனைந்திருந்ததால் நண்பனுடையதை இரவல் வாங்கிக்கொண்டு ஏறினான். அவனுடையதில் இழுக்கிற பிடி வயிற்றுப் பட்டையில் இருக்கும், இரவல் வாங்கியதில் முதுகுப்பையின் அடியில். பாராசூட் விரியவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் வலதுகை வயிற்றுப் பட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி இருந்தது. கை பழகிய இடத்தையே கடைசிவரை தேடியிருக்கிறது. அந்தக் கையைப் பார்த்தவர்களில் ஜர்மிலாவும் ஒருத்தி.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் கழித்த கரும்பலகை ஒன்றைத் தூக்கிவந்து, பாராசூட் மடிக்கிற கொட்டகைச் சுவரில் மாட்டினாள். அதில் எழுதியது எல்லாம் அவள் கையெழுத்துதான். இரவல் பாராசூட் போடுகிறவர் முதலில் தரையில் நின்று பத்துமுறை அதன் பிடியை இழுத்துப் பழகவேண்டும். ஆயிரத்திருநூறு மீட்டர் வந்தால் மேலே எத்தனை வேடிக்கை நடந்துகொண்டிருந்தாலும் முடித்துவிட்டு இழுக்கவேண்டும். ஏறும்முன் ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டும், பெயரைப் பார்க்கக்கூடாது, பட்டையைப் பார்க்கவேண்டும். யார் 'நிறுத்து' என்றாலும் பார்க்கப்பட்டவர் கீழே இறங்கவேண்டும், சரிபார்ப்பது தரையில்தான், விமானத்துக்குள் இல்லை. பட்டையைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஏறியவர் முப்பது நாள் குதிக்கக்கூடாது, செய்த தப்பை ஞாயிற்றுக்கிழமை சூப்புக்குப் பிறகு எல்லார் முன்னாலும் தன் வாயால் சொல்லவேண்டும். இப்படிப் பதினேழு பேரைத் தரையில் உட்காரவைத்திருக்கிறாள். போஹூஷ் இளைஞராக இருந்து குதித்துக்கொண்டிருந்த காலத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆபத்து அவளையும் விடவில்லை. ஒருமுறை பாராசூட் முறுக்கிக்கொண்டு விரிந்து, அவளைப் பம்பரமாகச் சுற்றியது. ஒரு நொடி பார்த்தாள், அதை அறுத்துவிட்டு இரண்டாவது பாராசூட்டை இழுத்தாள். அந்த இரண்டாவதை மடித்துவைத்தவர் வீட்டுக்கு, வழக்கப்படி, வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் ஒரு புட்டி போயிற்று. புதியவர்களிடம் அந்தக் கதையை மூன்றே வாக்கியத்தில் முடிப்பாள். "யோசிக்கணும்னா வீட்டுல உக்காந்து யோசி. மேல போனா எண்ணு, பாரு, இழு. உன் பாட்டி பேரை ஞாபகப்படுத்திக்கிட்டு இருக்காதே."

இந்த வாய்தான் அவளுக்கு வினையாக வந்தது. மூன்று வருடத்துக்கு முன் பல் மருத்துவர் ராதிம் குதிக்கப் பழக வந்தார். நாற்பது தாண்டியவர், தடித்த கண்ணாடி, கூச்ச சுபாவம். திடலில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள், மந்திரியே வந்து குதித்தாலும் நீதான். ராதிமுக்கு மட்டும் ஜர்மிலாவைப் பார்த்தால் 'நீங்க' தவிர வராது. முதல் கோடையில் ஒருநாள் ஏறப்போகும்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஜர்மிலா, உங்க முதுகுப்பை மூடி கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருக்கற மாதிரி..."

"வாய் பாக்கறவன் வாயைப் பாரு டாக்டரே. என் முதுகை நான் பாத்துக்கறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராதிமும் சிரித்துவைத்தார், காது மட்டும் சிவந்துபோயிற்று. மூடி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு திடலில் ஒருவரும் ஜர்மிலாவின் பட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவளோ எல்லாரையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், தன்னை யாரும் பார்ப்பதில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

இந்த வருட வசந்தத்தில் அவள் குதித்த கணக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் நின்றது. நவம்பர் முதல் வாரத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை.

"அப்புறம் குதிக்கலாமா?" என்று கேட்டாள்.

"அப்புறம் நடக்கலாம். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்கமாட்டேன்" என்றார் எலும்பு மருத்துவர்.

ஆகவே அக்டோபர் முடிவதற்குள் மூவாயிரம். அது முடியாவிட்டால் எப்போதும் முடியாமலே போகலாம். அவள் இதை ஒருவரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்றாலும் ஊருக்கே தெரியும். போஹூஷ் ஒவ்வொரு வாரமும் விரல்விட்டு எண்ணுவார்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. வெயிலும் காற்றும் சொன்னபடி கேட்ட நாள். ஜர்மிலா பாராசூட்டைத் தோளில் மாட்டி, நெஞ்சுப்பட்டையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சுப்பட்டை இரண்டு விரல் அகலம்தான். ஒருபக்கத்துப் பட்டையை மறுபக்கத்து இரும்பு வளையத்துக்குள் நுழைத்து, நடுக்கம்பியைச் சுற்றித் திருப்பி வெளியே இழுக்கவேண்டும். நுழைத்துவிட்டுத் திருப்பாமல் விட்டாலும் பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும், இழுவை வந்தால் உருவிக்கொண்டு போய்விடும். அவள் நுழைத்தாள். அந்த நேரத்தில் புதிதாக வந்த ஒருத்தியின் கால்பட்டை முறுக்கியிருந்தது கண்ணில் பட்டது.

"அடியே, இது பட்டையா ஜடையா? இப்படிப் பின்னிவச்சிருக்க!"

போய், குனிந்து, நிமிர்த்தி, இறுக்கி, நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பினாள். அவள் கை தன் பட்டையின் நுனியை ஒருமுறை தட்டிப்பார்த்தது. கையுறையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

இரண்டாயிரத்தைந்நூறு மீட்டர். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாகக் குதித்தாள். பத்து நொடி போயிருக்கும், மோவாயில் எதுவோ படபடவென்று அடித்தது. குனிந்து பார்த்தாள். அவளுடைய நெஞ்சுப்பட்டை. நெஞ்சுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, பாராசூட்டின் இரண்டு தோள்வார்களும் ஆளுக்கொரு பக்கமாக விலகத் தொடங்கியிருந்தன.

பாராசூட் விரிகிற உலுக்கலில் தோள்வார்கள் அகன்று, முன்பக்கமாக வழுக்கி வெளியே போய்விடுவாள். பாராசூட் ஒருபக்கம் மிதக்கும், அவள் ஒருபக்கம். திரும்பக் கோப்பதற்கும் வழியில்லை, அந்தக் காற்றில் பட்டை பாம்பாக நெளிந்தது. எண்ணு, பாரு, இழு. இடதுகையை வலது தோள்வாருக்கு அடியில் விட்டு முழங்கை மடிப்பால் இறுக்கிப் பிடித்தாள். வலதுகையால் இழுத்தாள். இழுத்த வேகத்திலேயே அந்தக் கையைக் கொண்டுவந்து இடது தோள்வாரைக் கட்டிக்கொண்டாள். உலுக்கல் வந்தது. தோள் கழன்றுவிட்டதென்றே நினைத்தாள். கழலவில்லை. தன்னைத் தானே கட்டிக்கொண்டு வானத்தில் தொங்கினாள்.

நாலாவது முயற்சியில் பட்டையைக் கோத்துத் திருப்பிப் பூட்டினாள். திடலின் கோடியில், ஓடைப் பக்கமாக இறங்கினாள். ஒரு கண்ணும் பார்க்கவில்லை. பாராசூட்டை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு புல்லிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முதலில் அழுகை வந்தது. அது ஓய்ந்ததும், வெட்கக்கேடு, கணக்கு வந்தது. இது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. பாக்கி நாலு. முப்பது நாள் என்றால் செப்டம்பர் போயிற்று. அக்டோபரில் இந்த ஊரில் மழைதான் பெய்யும். யாருக்கும் தெரியாது, சொன்னால்தானே?

அன்று இரவுச் சாப்பாட்டில் அவித்த மாவு உருண்டைகள் தட்டிலேயே இருந்தன. "முழங்கால் வலியா?" என்று லாதியா கேட்டான். இல்லையென்று தலையாட்டினாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை பயறு சூப் முடிந்ததும் ஜர்மிலா பலகைக்கு முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்க்கக்கூட இல்லை. நடந்ததை, பட்டையை நுழைத்ததிலிருந்து இறங்கியது வரை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

போஹூஷ்தான் முதலில் வாய் திறந்தார். "ஜர்மிலா, ஒருத்தரும் பாக்கலையே. நீ பாட்டுக்கு விட்டிருந்தா..."

"விட்டிருந்தா? உன்னையும் சேத்துப் பதினேழு பேரை நான் சும்மா உக்கார வச்சேன்னு ஆயிடும்."

சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் தன் பெயரையும் தேதியையும் எழுதினாள். அப்போது பின் பெஞ்சியில் ராதிம் எழுந்து நின்றார்.

"நான் பாத்தேன்."

"என்னத்த?"

"விமானத்துல உங்களுக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன். பட்டை நுனி கீழ தொங்காம பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சரியில்லையேன்னு தோணிச்சு. அப்புறம், உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப்போவுதுன்னு..."

"தெரிஞ்சுதா, இல்லையா? ஏன் சொல்லல?"

ராதிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாய் பாக்கறவன் வாயைப் பாருன்னு சொன்னீங்களே."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. ஜர்மிலாவுக்கு முதலில் வந்தது கோபம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்த மனிதர் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் சிரிப்புக்காகச் சொன்ன ஒரு வார்த்தை நேற்று அவளைக் கொன்றிருக்கும். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மெதுவாகச் சொன்னாள். "இனிமே என்னைப் பாக்கறது உன் வேலை. ஒவ்வொரு தடவையும். தப்புன்னு தோணிச்சுன்னா நிறுத்து."

"எனக்குத் தோணினது தப்பா இருந்துட்டா?"

"அப்பவும் நிறுத்து."

செப்டம்பர் முழுக்கத் திடலில் சூப் காய்ச்சினாள், மடித்தாள், மற்றவர்கள் குதிப்பதை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். செப்டம்பர் வானமும் அவளை வெறுப்பேற்றுவதற்கென்றே ஒரு மேகம்கூட இல்லாமல் இருந்தது. அவளுடைய முப்பது நாள் முடிந்து அக்டோபர் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு சனிக்கிழமை வெளுத்தபோது இரண்டு முறை குதித்தாள். ஒவ்வொரு முறையும் ஏறும்முன் ராதிமுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். அவரும் நெஞ்சு, கால், முதுகு என்று பல்வரிசை பார்க்கிற நிதானத்தோடு பார்த்தார். கூட்டம் பொறுமையிழந்து முணுமுணுக்கும், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, அந்த வருடத்தின் கடைசிப் பறப்பு நாள். காலையில் ஒன்று குதித்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. பிறகு மேகம் இறங்கிவிட்டது. அவள் விடியற்காலையில் எழுந்து சுட்டுக்கொண்டு வந்த கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டிகள் நாலு தட்டு நிறையக் கொட்டகையில் காத்திருந்தன. மூன்று மணிக்குமேல் மேகம் விலகியது. போஹூஷ் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை. வெயில் இறங்கறதுக்குள்ள நான் திரும்பி வந்துடணும். எல்லாரும் ஓடுங்க!"

அவசரத்தில் எல்லாரும் ஓடி ஏறினார்கள். ஆஞ்சா இருமிக்கொண்டு புல்வெளியின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றது. ராதிம் நெஞ்சுப்பட்டையைத் தரையிலேயே பார்த்துவிட்டார், முதுகை மட்டும் விமானத்தின் கதவோரத்தில்தான் பார்க்க முடிந்தது. பின்கழுத்துக்குக் கீழே பையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். குதிப்பவர் மயங்கினாலும் மறந்தாலும் அதுவே இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும். அது வேலை செய்கிறதென்றால் திரையில் பூஜ்யம் தெரியவேண்டும். ராதிம் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். பூஜ்யம் தெரியவில்லை.

போஹூஷோடு சேர்த்து எட்டு பேர் அவரையே பார்த்தார்கள்.

"நிறுத்து! ஜர்மிலா, நீ இறங்கு!"

"டாக்டரே!" போஹூஷ் முன்னாலிருந்து கத்தினார். "இன்னொரு தடவை ஏத்த நேரமில்ல, தெரியுமில்ல? அவளோட மூவாயிரமாவது இது!"

"தெரியும். இறங்கு, ஜர்மிலா."

அவள் வலிக்கிற காலை முதலில் ஊன்றி, ஏணியைப் பிடித்து இறங்கினாள். ராதிமும் கூடவே குதித்து இறங்கினார். ஆஞ்சா உறுமிக்கொண்டு புல்லில் ஓடி எழும்பிப் போயிற்று.

ராதிம் தன் உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பூஜ்யம் இருந்தது. பளிச்சென்று, அழகாக, வட்டமாக இருந்தது. சாய்ந்த வெயில் திரையில் அடித்ததில் அவர் கண்ணாடிக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"இருக்கு" என்றார். பேயறைந்த முகம். "பூஜ்யம் இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. வெயில்ல எனக்கு... ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்."

ஜர்மிலா விமானம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. நாற்பத்து நாலு வருடம் கழித்துச் சின்னப்பிள்ளை மாதிரி வேண்டியிருந்தது. கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொண்டாள், மறைக்கவில்லை.

"சந்தேகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நிறுத்தினியா?"

"நிறுத்தினேன்."

"அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க? சொன்னத செஞ்சிருக்க." அவர் தோளில் ஒன்று போட்டாள், நல்ல பலமான அடி. "மூணு வருஷம் ஆச்சு, உன் வாயில ஒரு 'நீ' வர்றதுக்கு. வா, கொலாச்சி காஞ்சுபோகும்."

இருவரும் பாராசூட்டைச் சுமந்துகொண்டு புல்வெளியைக் கடந்து நடந்தார்கள். அவள் காலுக்காக அவர் மெதுவாக நடந்தார். மேலே ஆறு குடைகள் ஒவ்வொன்றாக விரிந்தன, அவள் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே போனாள்.

வீட்டில் லாதியா மேசையில் தட்டுகளை வைத்துவிட்டுக் காத்திருந்தான். அன்றைக்கு மட்டும் அவனே கேட்டான்.

"மூவாயிரமா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது."

"பாக்கி ஒண்ணு?"

"ராதிமுக்குக் குடுத்துட்டேன்" என்றபடி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் ஜர்மிலா. லாதியா அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் தட்டில் இரண்டு உருண்டைகளை வைத்தான், அவள் இரண்டையும் சாப்பிட்டாள்.